மறுமுனையில் இருப்பவர் என்ன கேட்கிறார்?

மாங்குளம் சந்தியில் நின்றால் நான்கு பக்கமும் வீதி பிரிகிறது. வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா, கிழக்கே ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு, மேற்கே மல்லாவி, துணுக்காய். மூட்டை முடிச்சுகளோடு எத்தனை தடவை நாம் இந்தச் சந்தியைக் கடந்திருக்கிறோம் என்று எண்ணினால் கைவிரல்கள் போதாது. 90களில் இங்கே சாதாரண சனத்திற்குத் தொலைபேசி என்ற ஒன்று இல்லை. கடிதம் வந்து சேரவே மாதக்கணக்காகும். இன்று ஓட்டு வீட்டிலும் கொட்டிலிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. நள்ளிரவில் உயிரை வெறுத்துக் குந்தியிருக்கும் ஒருவர் நாலு இலக்கத்தை அழுத்தினால், மறுமுனையில் ஒருவர் எடுத்துப் பேசுவார்.

எடுத்தவர் என்ன செய்கிறார்? அவர் பேசியதால் உண்மையில் உயிர் தப்புகிறதா? இந்தக் கேள்விகள் நமக்கு அந்நியமானவை அல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வவுனியாவின் நலன்புரி நிலையங்களில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோரிடையே தற்கொலை, சுற்றியுள்ள பொதுச்சனத்தை விட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அங்கு பணியாற்றிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் எழுதினார்கள். முகாம்கள் மூடப்பட்டன. 2012 இல் மெனிக் பாமும் மூடப்பட்டது. ஆனால் காணியைத் திரும்பப் பெறுவதற்கான அலைச்சலும், காணாமற்போனவரைத் தேடும் ஏக்கமும், நுண்கடன் கம்பனிக்காரர் வாரா வாரம் படலையில் வந்து நிற்கும் அவமானமும் முகாமோடு மூடப்படவில்லை.

தொலைபேசி வழியாக இவ்வாறு உதவும் பழக்கம் 1953 இல் லண்டனில் தொடங்கியது. சாட் வாரா என்ற அங்கிலிக்கன் குருவானவர் தமது ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். வந்தவர்கள் தம்மைக் காணக் காத்திருந்த வேளையில், தேநீர் கொடுத்த தொண்டர்களோடு பேசியே பலர் ஆறுதல் அடைந்ததை அவர் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சமாரித்தன்ஸ் இயக்கம். இலங்கையில் 1974 இல் சுமித்ரயோ தொடங்கியது. நல்ல நண்பர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986 இல் சினேகாவைத் தொடங்கினார். அரசாங்கத்தின் தேசிய மனநல நிறுவகமும் 1926 என்ற இலக்கத்தில் பதில் சொல்லுகிறது.

நல்ல மனத்தோடு செய்வது எல்லாம் நல்லபடி நடக்கிறதா என்பதை யாராவது பார்க்கத்தான் வேண்டும். விதைநெல்லை முளைக்கப் போட்டுப் பார்க்காமல் வயலில் எறிகிறோமா?

கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் பிரையன் மிஷாராவும் அவரது குழுவினரும் அப்படித்தான் பார்த்தார்கள். அமெரிக்காவின் 14 நிலையங்களில் 2,611 அழைப்புகளை மறுபக்கத்திலிருந்து பேசாமல் கேட்டுக் குறித்து, 2007 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முடிவு சங்கடமானது. நெருக்கடியில் இருந்தவர்களின் அழைப்புகளில் ஏறக்குறையப் பாதியில், சாக நினைக்கிறீர்களா என்ற கேள்வியே கேட்கப்படவில்லை. அந்த எண்ணம் இருப்பதாகச் சொன்னவர்களிடமும், எதை வைத்து, எப்படி என்று விசாரித்தது பாதிக்கும் குறைவான வேளைகளிலேயே.

ஏன் கேட்கவில்லை? பயந்தான். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். எமது ஊரிலும் இதே பயம் உண்டு. செத்தவீட்டில்கூட அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்வோம். ஆனால் 2005 இல் நியூயோர்க்கில் 2,300க்கு மேற்பட்ட பாடசாலை மாணவரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்குத் துயரமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனம் சோர்ந்திருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது சற்று ஆறுதலாகவும் இருந்தது.

இரண்டு விதமான உரையாடலை மனதில் வைத்துப் பார்ப்போம். வாய்க்கால் தண்ணி வராமல் சிறுபோகம் அழிந்து, மனைவியின் தாலிக்கொடி அடகில் இருக்கும் ஒரு கமக்காரர் இரவு பதினொரு மணிக்கு அழைக்கிறார். "எனக்கு இனி ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்கிறார். ஒரு உளவளத்துணையாளர் சொல்கிறார்: "அப்பிடிச் சொல்லக்கூடாது அண்ணை. பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ. எல்லாம் சரிவரும்." அண்ணர் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிடுவார். அவருடைய குற்ற உணர்வு இன்னொரு படி கூடியதுதான் மிச்சம்.

இன்னொருவர் கேட்கிறார்: "அண்ணை, சாகவேணும் எண்டு யோசிக்கிறியளோ?" சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு "ஓம்" என்ற பதில். "இப்ப கிட்ட ஏதேன் வைச்சிருக்கிறியளோ?" "வயலுக்கு அடிக்கிற மருந்து கிடக்கு." "பக்கத்து வளவிலை ஆர் இருக்கினம்? அதைக் கொண்டுபோய் அவையிட்டைக் குடுத்திட்டு வாறியளோ? நான் லைனிலை நிக்கிறன்." இதில் உபதேசம் ஒன்றும் இல்லை. ஆனால் இவர் அந்த இரவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டார்.

மிஷாரா குழுவினரின் இன்னொரு முடிவு தொண்டர்களுக்குள்ளேயே விவாதத்தைக் கிளப்பியது. வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் நல்ல முடிவோடு தொடர்புபடவில்லை. மதிப்போடும் பரிவோடும் பேசியது, நல்ல உறவை ஏற்படுத்தியது, அழைத்தவரோடு சேர்ந்தே ஒரு வழியைத் தேடியது ஆகியவையே பலன் தந்தன. புத்தி சொல்லாமல் செவிமடுப்பதே எமது பணி என்று பழகியவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். என் எண்ணத்தில் இரண்டும் முரண் அல்ல. கேட்காமல் வழி தேடுபவர் தன் வழியைத்தான் சொல்வார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர் அண்ணரை மருந்துப் போத்தலோடு தனியே விடுவார்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு மெடலின் கூல்ட் என்ற ஆய்வாளரின் பதில் உண்டு. 2007 இல் வெளியான அவரது ஆய்வில், தற்கொலை எண்ணத்தோடு அழைத்த 1,085 பேரின் மனநிலை பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்கப்பட்டது. பேசி முடிக்கும்போது சாகும் நோக்கம் தணிந்திருந்தது. மனவேதனையும் நம்பிக்கையின்மையும் அடுத்த வாரங்களிலும் குறைந்தன. ஆனால் பின்னர் தொடர்புகொள்ள முடிந்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு அந்த எண்ணம் மீண்டும் வந்திருந்தது. ஆகவே ஒரு அழைப்பு ஒரு இரவைக் கடத்தும். அடுத்த கிழமைக்கு யார்?

இங்கேதான் எமக்குக் கிட்டிய ஒரு ஆய்வு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவினரோடு வீடு போகும் வேளையில் ஒரு மணித்தியாலம் பேசினார்கள், பின்னர் 18 மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ "எப்பிடி இருக்கிறியள்?" என்று விசாரித்தார்கள். 2008 இல் வெளியான முடிவு இது: வழமையான பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்ட பிரிவில் 2 பேர். விலை கூடிய மருந்தோ இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒன்பது தடவை விசாரிப்பது குடும்பநல உத்தியோகத்தராலும் மாதர் சங்கத் தலைவியாலும் முடியாத காரியமா?

தொலைபேசியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு எமது நாடே சான்று. 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பின்னர் அது மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கியது. முக்கிய காரணம், மிகக் கொடிய கிருமிநாசினிகளை 1984 முதல் படிப்படியாகத் தடைசெய்ததுதான். விளைச்சல் அதனால் விழவில்லை. சாகும் எண்ணம் பெரும்பாலும் சில மணித்தியாலத்துக்குள் தணியும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. வீட்டில் பூட்டுப்பெட்டி வைத்தால் போதும் என்று பலர் நினைத்தார்கள். அநுராதபுரப் பக்கத்தில் 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட வீடுகளை உட்படுத்தி அதைச் சோதித்தார்கள். பெட்டி பெற்ற கிராமங்களில் நஞ்சருந்துதல் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2017 இல் தெரியவந்தது. சாவி அதே வீட்டில்தானே இருக்கிறது! மருந்தை வீட்டுக்கே கொண்டுவராமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் வைக்கும் சிறிய முயற்சி ஒன்று தமிழ்நாட்டின் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடந்து, நம்பிக்கை தரும் பலனைக் காட்டியது. எமது கமக்காரர் அமைப்புகள் அதை யோசித்துப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு தடை பயம். பொலிஸ் வரும், வழக்குப் போடும் என்று காயத்தோடும் நஞ்சோடும் வீட்டிலேயே மறைத்து வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்; ஆரும் ஒளிக்கத் தேவையில்லை.

அழைக்க நினைப்பவர்களுக்கு: 1926 இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். 1333 என்ற இலக்கமும் கட்டணம் இல்லாமல் உண்டு. எடுத்தவர் உபதேசம் செய்தால், அல்லது உங்கள் பேச்சு அவருக்கு விளங்கவில்லை என்றால், வைத்துவிட்டு மீண்டும் அழையுங்கள், அடுத்த தடவை வேறொருவர் எடுக்கக்கூடும். தொலைபேசியில் காசு முடிந்திருந்தால் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். அவர் ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள்.