பிச்சைக்கு உதவாத கை

சென்ற வாரம் நல்ல சமாரியன் கதையில் சத்திரக்காரரோடு நிறுத்தியிருந்தோம். காயத்துக்குக் கட்டுப் போட்டவரை எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவரைப் பற்றி யாரும் பிரசங்கிப்பதில்லை. இந்த வாரமும் அப்படி விட்டுப்போன ஒரு பாதியைத்தான் பார்க்கப்போகிறோம்.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வந்து முழங்கால்படியிடுகிறார். இயேசு கைநீட்டி அவரைத் தொடுகிறார்; நோய் நீங்குகிறது. தொட்டதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அடுத்து இயேசு சொன்னதை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம்: ஆசாரியரிடம் போய் உன்னைக் காட்டு என்கிறார். ஏன்? லேவியராகமச் சட்டப்படி அந்த மனிதர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டியவர். ஆசாரியர் பார்த்து ‘சுத்தம்’ என்று சொன்னால்தான் வீட்டு வாசலை மிதிக்க முடியும். நோய் போவது ஒரு வேலை. ஊர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது வேறொரு வேலை. இயேசுவுக்கு இரண்டுமே முக்கியமாக இருந்தன.

இந்த இரண்டாவது வேலையின் கனத்தைச் சுமந்து பார்த்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கப் போகும் முன் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். மறு ஆண்டு, செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையை தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேனோடு சுற்றிப் பார்த்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடியின் வலியைத் தாங்க முடியவில்லை. செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்திருந்த கையில் நல்ல பலமுள்ள தசைகள் இருந்தன! அப்படியானால் தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தலாமே என்று தோன்றியது. அங்கிருந்து பிறந்ததுதான் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சை.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகான சாட்சியாக இருந்திருக்கும். ஆனால் குணமாகி ஊருக்குப் போன சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். டாக்டர் சரிசெய்து கொடுத்த கை பிச்சையெடுக்க உதவவில்லை என்பது அவர்கள் குறை. மடங்கிய விரலைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த விரலைக் கண்டு போடவில்லை. பழைய நோயின் தழும்பு தெரிந்ததால் வேலை கொடுக்கவோ வாடகைக்கு இடம் கொடுக்கவோ ஆளும் இல்லை. நோயும் போய், பிழைப்பும் போயிற்று.

பிரசங்கிக்கு இது சங்கடம். பிராண்டுக்குள் இருந்த தச்சருக்கோ இது வேலை. வேலூரில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு ‘நவஜீவ நிலையம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கி மரவேலை கற்றார்கள், பொம்மைகள் செய்தார்கள். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்பதுதான் அதுவரை இருந்த எண்ணம். கூடவே இருந்து ஒவ்வொரு காயத்தையும் கவனித்தபோது உண்மை தெரிந்தது: உணர்ச்சியற்ற கை சூடான பாத்திரத்தையும் பிடிக்கிறது, கருவியின் கைப்பிடியையும் அளவுக்கு மீறி அழுத்துகிறது. சில விரல்கள் இரவோடு இரவாகக் காணாமல் போன மர்மமும் விலகியது. தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது. வலியே தெரியாததால் அவர் விழிக்கவில்லை. கருவிகளின் கைப்பிடிகளை மாற்றினார்கள். எலிக்குப் பூனை வளர்த்தார்கள். பூனை வளர்ப்பதும் ஊழியம்தான் என்று எந்த இறையியல் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. ஆனால் தொட்டுவிட்டுப் போய்விடாமல் கூடவே இருந்தால் பூனை வரைக்கும் வர வேண்டியிருக்கிறது. பின்னர் கரிகிரியில் வளர்ந்த தொழுநோய் மருத்துவமனை, காலில் புண் வராமல் காக்கும் மென்மையான ரப்பர் செருப்புக்கும் பெயர் பெற்றது.

இனி கொஞ்சம் நம் வீட்டுக் கணக்கு. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தை 2001-இல் திருத்தியபோது, தொழுநோயும் மணவிலக்குக்கு ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. கூட்டு மருந்துச் சிகிச்சை அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பிருந்தே நோயைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது. 2019-இல்தான் நாடாளுமன்றம் மற்ற மதத்தவருக்கான திருமணச் சட்டங்களோடு சேர்த்து இதிலிருந்தும் அதை நீக்கியது. ஆசாரியர் சொல்ல வேண்டிய வார்த்தையைக் கடைசியில் நாடாளுமன்றம்தான் சொல்லியிருக்கிறது.

ஜனவரி மாதத்துத் தொழுநோய் ஞாயிறன்று காணிக்கை எடுக்கும் சபைகள் உண்டு. எடுக்கட்டும். ஆனால் மருந்து அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 6 மாதத்திலோ 12 மாதத்திலோ சிகிச்சை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நம் முறை. கடையோ பட்டறையோ அச்சகமோ வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குணமான ஒருவர் வேலை கேட்டு வந்தால் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பாதீர்கள், வேலை கொடுங்கள்.