வெளிநாடு போகணுமா? முதலில் பாஸ்போர்ட்!



"ஒரு தடவை வந்து பேரனைப் பாத்துட்டுப் போங்கம்மா" என்று சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் கூப்பிட்டால் மனசு பறக்கும். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து அம்மாக்களுக்கும் இந்த ஆசை உண்டு. டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட் எடுங்க.

ஆதார், வாக்காளர் அட்டை இரண்டிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றுபோல இருக்கணும். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் செல்லாது; விரித்து எழுதணும். ஒற்றைப் பெயராக இருந்தால் துபாய் விசாவில் சிக்கல் வரும்; 2022 நவம்பரில் அங்கே கட்டுப்பாடு வந்தது.

சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். 10 வருடம் செல்லும். நேரில் போகணும், போலீஸ் விசாரணையும் உண்டு.

ஒன்றை மறக்காதீங்க: சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது குற்றம். "போனதும் வேலை வாங்கித் தர்றேன்" என்கிற ஏஜெண்டை நம்பிக் குழுவில் கடன் வாங்காதீங்க. பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீங்க.

நல்லபடியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, குழுக் கூட்டத்தில் கதை சொல்லுங்க!