பெரிய திரை மின்நூல் கருவி: நன்மையா? தீமையா?



சிலேட்டு மாதிரி ஒரு கருவி. அதுக்குள்ளே ஆயிரக்கணக்கான புத்தகம். உச்சி வெயில்ல மரத்தடியில வச்சும் படிக்கலாம். இப்படிச் சொன்னதும் "அப்போ புத்தகப் பையே வேண்டாமே!" என்று பாதிப் பேர் குதிப்பீங்க. "அதெல்லாம் சரிப்படாது, தாளைப் புரட்டிப் படிக்கிற மாதிரி வருமா?" என்று மீதிப் பேர் சொல்வீங்க. இரண்டு கட்சியிலும் உண்மை இருக்கிறது. அதனால் நன்மை என்ன, தீமை என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன கருவி?

இதை மின்நூல் வாசிப்புக் கருவி என்று சொல்கிறார்கள். செல்போனும் இல்லை, டேப்லெட்டும் இல்லை. படிப்பதற்கு மட்டுமே செய்தது. இதன் திரையில் இருப்பது "மின் மை". அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிலையத்தில் நடந்த ஆராய்ச்சியில் இருந்து இது பிறந்தது. இதைத் தயாரிக்க 1997-இல் ஈ-இங்க் என்ற கம்பெனி தொடங்கினார்கள். இந்தத் திரையோடு 2004-இல் ஜப்பானில் சோனி கம்பெனி லிப்ரியே என்ற கருவியை விற்றது. 2007 நவம்பரில் அமேசான் கம்பெனியின் கிண்டில் வந்தது. இரண்டுக்கும் திரை 6 அங்குலம்தான். 2009 ஜூனில் கிண்டில் டி.எக்ஸ். என்ற பெரிய கருவி வந்தது. அதன் திரை 9.7 அங்குலம், விலை 489 டாலர். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 23,000 ரூபாய்! இப்போது அந்தக் கருவி விற்பனையில் இல்லை. ஆனால் பெரிய திரைக் கருவியின் நல்லது கெட்டது பலவும் அதில் தெரிய வந்தன. அதனால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

மை எப்படி நகருது?

அறிவியல் பாடத்தில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒத்த மின்னூட்டம் விலக்கும், வேறு மின்னூட்டம் ஈர்க்கும். அவ்வளவுதான் ரகசியம்!

திரைக்குள்ளே லட்சக்கணக்கான குட்டிக் குட்டி உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம்ம தலைமுடியின் தடிமன் அளவுதான். உள்ளே தெளிவான திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கும். வெள்ளைக்கு நேர் மின்னூட்டம், கறுப்புக்கு எதிர் மின்னூட்டம். உருண்டையின் மேல்பக்கம் எதிர் மின்னூட்டம் கொடுத்தால் வெள்ளைத் துகள்கள் மேலே வரும், அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். மாற்றிக் கொடுத்தால் கறுப்பு மேலே வரும். இப்படிக் கறுப்புப் புள்ளிகளும் வெள்ளைப் புள்ளிகளும் சேர்ந்துதான் எழுத்து ஆகிறது.

இதில் ஒரு அதிசயம் என்னவென்றால், மேலே வந்த துகள் அங்கேயே நிற்கும். கரண்ட்டை நிறுத்தினாலும் எழுத்து அழியாது! பக்கம் மாற்றும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகிறது. அதனால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில், சில கருவிகளில் வாரக்கணக்கில்கூட வரும். அடிக்கடி கரண்ட் போகிற ஊருக்கு இது ரொம்ப நல்ல விஷயம்தானே!

6 அங்குலமா, 9.7 அங்குலமா? கணக்குப் போடுவோம்

திரையின் அளவை மூலைக்கு மூலை, அதாவது மூலைவிட்டத்தை அளந்து சொல்கிறார்கள். பித்தாகரஸ் தேற்றம் இங்கே உதவிக்கு வரும்.

சின்னத் திரை: அகலம் 3.6 அங்குலம், உயரம் 4.8 அங்குலம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 12.96 + 23.04 = 36. அதன் வர்க்கமூலம் 6. சரியாப் போச்சா?

பெரிய திரை: அகலம் 5.5 அங்குலம், உயரம் 8 அங்குலம். 30.25 + 64 = 94.25. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9.7.

இப்போது பரப்பளவு பாருங்கள். சின்னது 17.28 சதுர அங்குலம், பெரியது 44 சதுர அங்குலம். 6-க்கும் 9.7-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று நினைப்போம். ஆனால் இடம் இரண்டரை மடங்கு கூடிவிடுகிறது!

இந்த இடம் எதற்கு வேண்டும் என்று கேட்கலாம். மின்நூலில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, தண்ணீர் மாதிரி. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடங்கிப் பக்கத்துக்குள் அடங்கிக்கொள்ளும். கதைப் புத்தகம் பெரும்பாலும் இந்த ரகம். இன்னொன்று பி.டி.எஃப். அது போட்டோ மாதிரி. வரி மடங்காது. பக்கம் முழுவதையும் சுருக்கித்தான் காட்டும். பாடப்புத்தகம், வரைபடம், அட்டவணை, ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஒரு ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. சின்னத் திரையின் அகலம் 9.1 செ.மீ., பெரிய திரையின் அகலம் 14 செ.மீ. தாளில் 3 மில்லிமீட்டர் உயரம் உள்ள எழுத்து சின்னத் திரையில் 1.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். பெரிய திரையில் 2 மில்லிமீட்டர் இருக்கும். தமிழுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நம்ம எழுத்தில் ஒரு புள்ளி போனால் பொருளே போச்சு. "கண்" என்பது "கண" ஆகிவிடும், "கல்" என்பது "கல" ஆகிவிடும். அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள். இந்தக் காலத்தில் திரை சிறியதாக இருந்து புள்ளி தெரியாமல் போனால் என்ன சொல்வது!

நன்மைகள்

1. பாடப்புத்தகப் பக்கத்தை ஓரளவு முழுதாகப் பார்க்கலாம். படமும் அதன் விளக்கமும் ஒரே பக்கத்தில் தெரியும். அங்கேயும் இங்கேயும் நகர்த்த வேண்டியதில்லை.

2. கண் பார்வை குறைந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம். சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று வார்த்தைதான் நிற்கும். பெரிய திரையில் வரி வரியாகவே படிக்கலாம். வீட்டில் தாத்தா பாட்டி பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

3. தாள் மாதிரியே வெளிச்சம் பட்டுத்தான் தெரியும். அதனால் வெயிலில் செல்போன் திரை மங்கும், இது பளிச்சென்று தெரியும்.

4. எடை குறைவு. டி.எக்ஸ். 536 கிராம். பை சுமையைக் குறைக்கத்தான் தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறை கொண்டுவந்து புத்தகத்தைப் பிரித்தார்கள். சுமை எவ்வளவு பெரிய பிரச்சினை என்று இதிலேயே தெரிகிறதல்லவா?

5. விலையில்லாமல் கிடைக்கும் நூல்களைப் படிக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பல நூல்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம்ம பாடநூல்களும் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன.

6. இதில் சினிமா ஓடாது, கேம் ஓடாது. துகள் நகர நேரம் எடுப்பதால் அந்த வேகம் வராது. இது குறையா, நிறையா என்று நீங்களே சொல்லுங்கள். அம்மாக்கள் எல்லாம் நிறை என்றுதான் சொல்வாங்க!

தீமைகள்

1. விலை. 2022-இல் வந்த கிண்டில் ஸ்க்ரைப் என்ற 10.2 அங்குலக் கருவியில் பேனா மாதிரி ஒன்றால் எழுதவும் முடியும். ஆனால் அதன் தொடக்க விலையும் ஏறக்குறைய 340 டாலர். ஒரு கருவி வாங்கும் காசில் ஒரு சின்ன நூலகத்துக்கே புத்தகம் வாங்கிப் போடலாம்.

2. கீழே விழுந்தால் கதை முடிந்தது. புத்தகம் விழுந்தால் அட்டைதான் மடங்கும். திரையில் விரிசல் விட்டால் உள்ளே இருக்கிற எந்தப் புத்தகத்தையும் அந்தக் கருவியில் படிக்க முடியாமல் போய்விடும். திரை பெரிதாக ஆக, பயமும் பெரிதாகிறது.

3. நிறம். டி.எக்ஸ்-இல் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும்தான். புவியியல் வரைபடத்தில் மலைக்குப் பழுப்பு, சமவெளிக்குப் பச்சை என்று படித்தால் இதில் எல்லாம் சாம்பல்தான்! 2024-இல் நிறம் காட்டும் 11.8 அங்குலக் கருவிகூட வந்துவிட்டது. ஆனாலும் அச்சுப் புத்தகத்தின் பளபளப்பான நிறம் அதில் வராது.

4. முன்னும் பின்னும் புரட்டுவது கஷ்டம். பரீட்சைக்குப் படிக்கும்போது நாம் என்ன செய்வோம்? ஒரு விரலைக் கேள்விப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தேடுவோம். "இடது பக்கம், படத்துக்குக் கீழே" என்று விடை இருக்கும் இடமே ஞாபகத்தில் இருக்கும். கருவியில் அந்த இடம் ஞாபகம் வருவதில்லை. 2009-இல் அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு டி.எக்ஸ். கொடுத்துப் பார்த்தார்கள். பிரின்ஸ்டனில் தாள் அச்சிடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அது நல்லதுதான். ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுத முடியவில்லை, கோடு போட முடியவில்லை என்று மாணவர்கள் குறை சொன்னார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 39 பேரிடம் ஆராய்ந்தபோது, ஏழு மாதத்தில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பாடம் படிக்க அதைத் தொடர்ந்து பயன்படுத்துவதை விட்டுவிட்டார்கள்.

5. எல்லாருக்கும் ஆகவில்லை. டி.எக்ஸ். புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும். ஆனால் எந்தப் புத்தகம், எந்தப் பொத்தான் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் குரல் வராது. கண் தெரியாத மாணவர் அதைத் தானாகத் திறக்கவே முடியாது! இதனால் 2009-இல் அமெரிக்காவில் பார்வையற்றோர் சங்கங்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2010 ஜனவரியில் சமாதானம் ஆனது. எல்லாரும் பயன்படுத்தக்கூடிய கருவியாகப் பார்த்துத்தான் வாங்க முயற்சிப்போம் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு வந்த அடுத்த கிண்டிலில் மெனுவையும் குரலில் சொல்லும் வசதி வந்தது. கேட்டதால்தான் கிடைத்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

6. காசு கொடுத்து வாங்கினாலும் புத்தகம் முழுசாக நம்முடையது இல்லை. இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நூல்களை, மக்கள் காசு கொடுத்து வாங்கிய பிறகு, அவரவர் கிண்டிலில் இருந்தே அமேசான் அழித்துவிட்டது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் பள்ளிப் பாடத்துக்காக அதில் குறிப்பு எழுதி வைத்திருந்த 17 வயது மாணவனுக்கு அந்தக் குறிப்புகள் பயனில்லாமல் போய்விட்டன. கடைக்காரர் ராத்திரி நம்ம வீட்டுக்குள் வந்து அலமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போனால் சும்மா இருப்போமா? 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது.

7. கைமாற்ற முடியாது. அக்கா படித்த புத்தகத்தை தங்கச்சி படிக்கிறாள், அவள் முடித்ததும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. ஒரு புத்தகத்தில் மூன்று நான்கு பேர் படிப்பது நம்ம ஊரில் சாதாரணம். விலைக்கு வாங்கும் மின்நூலைப் பெரும்பாலும் அப்படிக் கொடுக்க முடியாது. கருவியையே கொடுத்தால்தான் உண்டு. அதை யார் கொடுப்பாங்க?

முடிவுரை

அப்போ பெரிய திரைக் கருவி வேண்டுமா, வேண்டாமா? என் கருத்து இதுதான். ஒவ்வொருவருக்கும் ஒன்று வாங்குவதைவிட ஒரு பள்ளி நூலகத்துக்கு ஒன்று என்பது நல்லது. அதில் விலைக்கு வாங்கும் நூல்களை அல்ல, யாரும் அழிக்க முடியாத இலவச நூல்களை நிரப்ப வேண்டும். கடையில் கிடைக்காத பழைய நூல், கனமான அகராதி, ஸ்கேன் செய்த இலக்கியம் இவற்றுக்கு அதுவே சிறந்தது. அதைப் பயன்படுத்தும் முதல் உரிமை கண் பார்வை குறைந்த மாணவருக்குத் தர வேண்டும். மற்ற எல்லாருக்கும் கதைப் புத்தகமும் பாடப்புத்தகமும் தாளில்தான் இருக்கட்டும். விரல் வைத்துப் புரட்டலாம், ஓரத்தில் எழுதலாம், படித்து முடித்துத் தங்கச்சிக்கும் கொடுக்கலாம்.

கருவியை வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் தமிழ்ப் புள்ளி தெரியுமா? எல்லாராலும் இதைப் பயன்படுத்த முடியுமா? நான் வாங்கிய புத்தகம் நாளைக்கும் என்னிடம் இருக்குமா? மூன்றுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் தைரியமாக வாங்கலாம்.

உங்கள் கட்சி எது? தாளா, திரையா? இந்தத் தாளின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள். மாற்றிச் சொன்னாலும் கோபப்பட மாட்டேன்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி