29 நோயாளிகள், ஒரே கிருமி: ஜீனோம் காட்டிய பாதை

இன்னைக்கு ஒரு துப்பறியும் கதை. தேடப்படுற ஆள், டிபி கிருமி.

2016ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தில் இருக்கும் காசநோய் ஆய்வகம் ஒரு விஷயத்தைக் கவனிக்குது. எரித்ரியா, சோமாலியா மாதிரி நாடுகளிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்த சில இளைஞர்களுக்கு டிபி. அது புதுசு இல்லை. ஆனா அவங்க எல்லாரோட கிருமியும் அச்சு அசலா ஒரே மருந்துகளுக்குக் கட்டுப்பட மறுக்குது. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், இந்த ரெண்டு முக்கிய மருந்தும் வேலை செய்யலைன்னா அதுக்குப் பேர் எம்டிஆர் டிபி. சிகிச்சை கஷ்டம், நாளும் அதிகம்.

இது தற்செயலா? மத்த ஐரோப்பிய நாடுகளுக்குத் தகவல் போகுது. "எங்ககிட்டயும் இருக்கு"ன்னு ஒவ்வொரு நாடா பதில் வருது. கடைசியில் மொத்தம் 29 பேர்.

இங்கேதான் ஜீனோம் வருது. டிபி கிருமியின் மரபணுத் தொகுப்பில் சுமார் 44 லட்சம் எழுத்துகள் இருக்கு. கிருமி பெருகும்போது அத்தனையையும் நகல் எடுக்குது. எப்பவாவது ஒரு எழுத்து தப்பாகும். டிபி இதில் ரொம்ப நிதானம். சராசரியா ரெண்டு வருஷத்துக்கு ஒரு எழுத்துதான் மாறும். அந்தத் தப்பு அதுக்கு அப்புறம் வர்ற எல்லா வாரிசுகளுக்கும் போகும்.

பரீட்சை ஹாலை நினைச்சுக்கோங்க. சரியான பதிலை ரெண்டு பேர் எழுதினா ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா யாருமே எழுதாத ஒரு விசித்திரமான தப்பு ரெண்டு பேப்பர்லயும் இருந்தா? காப்பி அடிச்சிருக்காங்கன்னு டீச்சருக்குத் தெரிஞ்சுடும். அதே கணக்குதான் இங்கேயும். ரெண்டு நோயாளிகளின் கிருமிக்கு நடுவே 5 எழுத்துக்குள் வித்தியாசம்னா, சமீபத்தில் பரவின தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். 12ஐத் தாண்டினா வாய்ப்பு குறைவு. இந்த அளவுகோலை 2013இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் முன்வெச்சாங்க.

ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடந்த இந்த நோயாளிகளின் கிருமிகளை ஒப்பிட்டப்ப, விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் வித்தியாசம். அப்போ எல்லாமே கொஞ்ச காலம் முன்னாடி ஒரே இடத்திலிருந்து கிளம்பின கிருமி.

ஆனா எந்த இடம்? அதை ஜீனோம் மட்டும் சொல்லாது. காப்பி அடிச்சது தெரியும். யாரைப் பார்த்து யார் அடிச்சாங்க, எந்த ஹால்லன்னு பேப்பரில் எழுதியிருக்காது. அதுக்கு ஆளைத்தான் கேட்கணும். கேட்டாங்க. "எந்த வழியா வந்தீங்க? எங்கே தங்குனீங்க?" பல பேர் வாயில் வந்த ஊர், லிபியாவில் இருக்கும் பானி வாலித்.

அங்கே ஆள்கடத்தல்காரர்கள் பயணிகளை அடைச்சு வெச்சு, வீட்டிலிருந்து பணம் வர்ற வரைக்கும் விட மாட்டாங்க. நெரிசல், காற்றோட்டம் கிடையாது. டிபி காற்றில் பரவும் நோய். ஒருத்தர் இருமினா போதும். கிருமியின் மூதாதை ஆப்பிரிக்கக் கொம்பு பகுதியைச் சேர்ந்ததா இருக்கலாம். ஆனா இவங்களுக்குள்ள பரவினது பெரும்பாலும் இந்த வழியில்தான்னு ஆய்வு முடிவுக்கு வந்தது. 2018இல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் அது வெளியாச்சு.

இதை முதல்ல படிக்க ஆரம்பிச்சப்ப, 'சொந்த ஊரிலிருந்து நோயோட வந்திருக்காங்க'ன்னுதான் நானும் நினைச்சேன். முழுசா படிச்ச பிறகுதான் உறைச்சது. இவங்க நோயைக் கொண்டுவரக் கிளம்பினவங்க இல்லை. உயிர் பிழைக்கக் கிளம்பி, அடைபட்ட இடத்தில் நோயை வாங்கினவங்க.

இந்த வித்தியாசம் வெறும் அனுதாபம் இல்லை. டிபி உடம்புக்குள்ள மாசக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட அமைதியா இருக்கும். அதனால பரிசோதனையில் "எந்த நாடு?"ன்னு கேட்டா மட்டும் பத்தாது, "எந்த வழி?"ன்னும் கேட்கணும். அந்த வழியா வந்தவருக்குப் பின்னாடி இருமல் வந்தா, எம்டிஆரா இருக்குமோன்னு டாக்டர் உடனே சந்தேகப்படலாம். வேலை செய்யாத மருந்தைக் கொடுத்து மாசங்களை வீணாக்க வேண்டாம்.

இன்னொண்ணு. ஒவ்வொரு நாடும் தன் ஃபைலைத் தானே வெச்சிருந்தா, ஆளுக்குச் சில நோயாளிகள், அவ்வளவுதான். எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்ததாலதான் பானி வாலித் தெரிஞ்சது.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.