மீண்டும் மலைவலம்

பயணம் என்றவுடன் பெருஞ்செலவும் நீண்ட விடுமுறையும் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஓரிரவுப் பொழுதும், சிறிதளவு கைப்பொருளும், நடக்க அஞ்சாத இரு கால்களும் உடையவர்க்கென்றே தமிழகத்தில் ஒரு பயணம் உண்டு. அது திருவண்ணாமலையில் மலையை வலம் வருதல். சுற்றுப்பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதற்குக் கட்டணம் இல்லை, வழிகாட்டி வேண்டுவதில்லை, வாகனமும் வேண்டா. செல்வரும் வறியரும் ஒரே சாலையில் வெறுங்காலுடன் நடப்பர். முழுநிலவு நாளில் முன்னே செல்வோரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சென்றால் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரலாம்.

இத்துணை எளிய பயணமும் ஒருமுறை நெடுநாள் தடைப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, மக்கள் பெருந்திரளாகக் கூடுவதைத் தவிர்க்கும்பொருட்டுப் பௌர்ணமி வலம் நிறுத்தப்பட்டது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட முழுநிலவு இரவுகள் கூட்டமின்றிக் கழிந்தன. கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. அதனைக் காணப் பல இலட்சம் பேர் திரளும் நகரமோ அடங்கிக் கிடந்தது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பங்குனிப் பௌர்ணமியன்று, பாதை மீண்டும் மக்களுக்குத் திறந்தது.

இந்த இடைவெளி வருவோர்க்கு மட்டுமே வருத்தம் தந்தது என்று கொள்ளுதல் பிழை. மலையின் மேற்குப்புறத்தில், வலம் வருவோர் பாதிவழியைக் கடந்து களைப்படையும் இடத்தில், அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் உள்ளது. பூவும் கற்பூரமும் விற்போர், இளநீர் சீவுவோர், சுக்குக் காப்பிக் கடைக்காரர், அவித்த வேர்க்கடலையைக் கூம்புப் பொட்டலமாகக் கட்டித் தருவோர், கால்வலித் தைலம் விற்போர் எனப் பலர் அந்தப் பாதையை நம்பி வாழ்கின்றனர். இவர்களுள் பலர்க்குத் திங்களுக்கு ஓரிரவே பெரிய சந்தை. அச்சந்தை இரண்டாண்டு கூடாமற்போயிற்று. சிக்கனமாகப் பயணம் செய்பவர் பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் செலவிடுவதைப் பெரிதாக எவரும் எண்ணுவதில்லை. அந்தச் சிறு தொகைகளே பாதையோரத்துக் குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்கின்றன. பெருஞ்செல்வர் காரில் சுற்றிவிட்டுப் போய்விடுவர். நடப்பவரே கடையின் முன் நிற்பவர்.

இவ்வூரின் பெயர் ஓர் ஆராய்ச்சிக்கு இடம் தருகிறது. மலையின் அடியில் இருப்பதால் அடி அண்ணாமலை என்பர் சிலர். அண்ணாமலையாரின் முதற்கோயில் இதுவே என்னும் நம்பிக்கையால் ஆதி அண்ணாமலை என்பதே சரியான பெயர் என்பர் வேறு சிலர். இரு வழக்கும் மக்கள் நாவில் வாழ்கின்றன. நகரத்துப் பெருங்கோயிலின் இராசகோபுரம் பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்க, இங்குள்ள கோயில் ஆரவாரமின்றி வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே அமைந்துள்ளது. மணிவாசகருக்கும் அருகில் ஒரு கோயில் உண்டு. நகரத்திலிருந்து ஒற்றை முடியாகத் தோன்றிய மலை, இப்பக்கம் வரும்போது பல முகடுகளாகப் பிரிந்து காட்சி தரும். ஒரே மலை வேறொரு மலையாக மாறிவிட்டதோ என்று முதன்முறை வருவோர் திகைப்பதுண்டு. ஏறத்தாழ 2,670 அடி உயரமுள்ள மலையை அண்ணாந்து பார்த்தபடி சற்று அமர்வதற்கு இதனினும் ஏற்ற இடம் பாதையில் இல்லை எனலாம்.

மற்றோர் இடைவெளியும் இவ்வூர்ப் பயணத்திற்கு நேர்ந்தது. அது தொற்றால் வந்ததன்று. காட்பாடிக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றும் பணி தொடங்கியபோது, திருவண்ணாமலை வழியே சென்ற தொடர்வண்டிகள் நின்றன. அகலப்பாதை முடிந்த பின்னரும் சென்னையிலிருந்து அன்றாடம் நேரே வரும் எளிய வண்டிக்கு மக்கள் பல்லாண்டு காத்திருந்தனர். 2024-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர்க் கண்டோன்மென்ட் வரை சென்றுகொண்டிருந்த வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. தொடங்கிய நாளில் அதன் கட்டணம் 50 ரூபாய். மாலை 6 மணிக்குக் கடற்கரையில் புறப்பட்டு நள்ளிரவு கடந்து 12.05 மணிக்கு வந்து சேருமாறும், விடியற்காலை 4 மணிக்குத் திரும்புமாறும் நேரம் வகுக்கப்பட்டது.

இந்த நேரக் கணக்கைப் பலர் மேலோட்டமாகப் பார்த்து ஏமாறக்கூடும். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்கிறதே, அதற்குள் மலையைச் சுற்றிவிடலாம் என்று தோன்றும். நிலையத்திலிருந்து கோயிலை அடையவும், மீண்டும் நிலையத்திற்கு வரவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் எஞ்சுவது மூன்று மணி நேரமே. அதற்குள் 14 கிலோமீட்டரை முடிக்க வேண்டுமானால் மணிக்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். கூட்டமில்லாச் சாலையில் பழகிய இளைஞர்க்கும் அது விரைந்த நடையே. பௌர்ணமிக் கூட்டத்தில் அது இயலாத செயல். முதியோரும் சிறுவரும் உடன் வந்தால் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஆகும். ஆதலின் அன்றைய வண்டியை விட்டுவிட்டு, பகற்பொழுதை நகரில் கழித்து, பேருந்திலோ மறுநாள் வண்டியிலோ திரும்புதலே அறிவுடைமை.

பொருள் குறைந்த பயணத்தில் காலே காசு. நெடுநாள் வீட்டில் அடைந்திருந்தவர் பணப்பையை எண்ணுமுன் தம் காலின் வலிமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலைவலம் மீண்டும் தொடங்கியபோது பாதிவழியில் சோர்ந்து அமர்ந்தவர்க்குப் பொருட்குறை இருந்ததில்லை. பழக்கம் விட்டுப்போனதே காரணம். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னரே நாள்தோறும் மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்து பழகுதல் நன்று. வெறுங்காலுடன் நடக்க விரும்புவோர் பகல் வெயிலில் சாலை கொதிக்கும் என்பதை மறத்தலாகாது. மக்கள் இரவைத் தேர்ந்தமைக்கு நிலவொளி மட்டும் காரணமன்று. குளிர்ந்த தரையும் ஒரு காரணம்.

உணவுக்குப் பழைய வழியே சிறந்தது. புளியோதரையோ எலுமிச்சம் சோறோ கட்டுச்சோறாகக் கொண்டுவந்தால் ஒருவேளைச் செலவு குறையும். கோயிலில் அன்னதானமும் உண்டு. கட்டுச்சோறு இருக்கிறதே என்று கடைகளை முற்றும் புறக்கணிக்க வேண்டுவதில்லை. அடி அண்ணாமலையில் ஒரு குவளை சுக்குக் காப்பி அருந்தினால் எவர் பையும் வெறுமையாகிவிடாது.

பொருளின்றி இவ்வூருக்கு வந்தவருள் புகழ்பெற்றவர் ஒருவர் உண்டு. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் மதுரையிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன் புறப்பட்டான். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். திண்டிவனம் வரை சீட்டு வாங்கியவன் இடையில் விழுப்புரத்தில் இறங்கினான். எஞ்சிய காசு மாம்பழப்பட்டு வரைதான் போதுமாயிற்று. அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்தான். பின்னர்க் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, வண்டியேறிச் செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தான். பின்னாளில் இரமண மகரிசி என்று உலகம் போற்றிய அவர், 1950-இல் மறையும் வரை அம்மலையை விட்டு நீங்கவேயில்லை. மற்றவர்க்கு அவ்வாறு தங்கிவிட இயலாது. திங்கட்கிழமை அலுவலகம் திறந்திருக்கும். பள்ளி மணியும் அடிக்கும்.

சுற்றி முடித்தவர்கள் காஞ்சிச் சாலை வழியே ஈசானிய இலிங்கத்தைக் கடந்து நகருக்குள் நுழையும்போது பெரும்பாலும் கிழக்கு வெளுத்திருக்கும். பாதங்களில் தூசு படிந்திருக்கும். குழந்தைகள் தந்தையர் தோளில் உறங்குவர். பேருந்து நிலையத்தில் விழுப்புரத்திற்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் ஊர்திகள் காத்து நிற்கும். தொடர்வண்டியை விரும்புவோர் மறுநாள் விடியற்காலையில் ஏறினால், போளூர், ஆரணி ரோடு, காட்பாடி வழியாக அன்று முற்பகலுக்குள் சென்னைக் கடற்கரையில் இறங்கலாம்.