தேக்காவின் மாடியும் கணினியின் மேசைகளும்

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில், தரைத்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும். நண்டு, ஆட்டிறைச்சி, கீரைக்கட்டு, நாலெட்டில் பிரியாணி. மின்படியில் ஏறினால் சேலைக் கடைகளும் தையல்காரர்களும். கட்டடம் ஒன்றுதான்; ஆனாலும் மீன் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் யாரும் பட்டுச்சேலை விரிப்பதில்லை.

கணினித் திரையிலோ நாம் அப்படித்தான் எல்லாவற்றையும் கலந்து விரிக்கிறோம். மொழிபெயர்க்க வேண்டிய ஆங்கில ஆவணம், தமிழ் வரைவு, அகராதி, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. வேண்டியதை எடுக்க நாலை விலக்க வேண்டும்.

1986இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் இதைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஒப்புமை கணினியின் நினைவகம். ஒரு நிரல், எந்த நேரத்திலும் நினைவகத்தின் சில பக்கங்களையே திரும்பத் திரும்பத் தொடும். அந்தச் சில பக்கங்களுக்கும் இடம் போதாவிட்டால், கணக்குப் போடுவதை விட்டுப் பக்கங்களை மாற்றி மாற்றி எடுப்பதிலேயே பொழுது போய்விடும். மனிதரும் ஜன்னல்களை அப்படியே கூட்டங்கூட்டமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. எனவே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை, அறைகளுக்கிடையே கதவுகள். எல்லா அறையிலும் வேண்டிய கடிகாரம் போன்றவற்றுக்கு ஒரு 'சட்டைப்பை'. 'ரூம்ஸ்' என்று பெயரிட்டார்கள். எனக்கு அந்தச் சட்டைப்பை யோசனைதான் மிகவும் பிடித்தது.

யூனிக்ஸ், லினக்ஸ் பயனாளர்களுக்கு இப்படித் திரையை அறை அறையாகப் பிரிக்கும் வசதி வெகுகாலமாகப் பழக்கம். மேக்கில் 2007இலும் விண்டோஸில் 2015இலும் உடன் வந்தது. விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் விசையோடு கண்ட்ரோலையும் 'டி'யையும் சேர்த்து அழுத்தினால் புது டெஸ்க்டாப், அதாவது இன்னொரு மேசை, திறக்கும். 'டி'க்குப் பதில் இடவல அம்புக்குறிகளை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். விண்டோஸ் விசையும் டாபும் எல்லா மேசைகளையும் காட்டும். அங்கே ஒரு ஜன்னலின்மேல் வலச்சொடுக்கினால், அதை எல்லா மேசையிலும் தோன்றவைக்கலாம். பழைய சட்டைப்பையேதான்!

பலர் பிரவுசருக்கு ஒரு மேசை, வேர்டுக்கு ஒரு மேசை என்று பிரிக்கிறார்கள். அது பலன் தராது; ஒரே வேலைக்கு இரண்டும் வேண்டியிருக்கும். வேலைவாரியாகப் பிரியுங்கள். ஆவணமும் வரைவும் ஒரு மேசையில், கணக்குவழக்கு இன்னொன்றில், அகராதி எல்லாவற்றிலும்.

கண்ணுக்கு மறைந்த மேசையிலும் நிரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நினைவகம் மிச்சமாகாது. அதேசமயம், ஒரு மேசையை மூடினால் அதிலிருந்த வேலை அழிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். திறந்திருந்த ஜன்னல்கள் பக்கத்து மேசைக்கு நகர்ந்துகொள்ளும்.