நின்றுபோன ஹீட்டரைத் திட்டாதீர்கள்

அறந்தாங்கியில் நாங்கள் குளிர் என்று சொல்வதைக் கேட்டால் ஊட்டிக்காரர் சிரிப்பார். மார்கழி விடியலில் தெர்மாமீட்டர் 20, 21 டிகிரி காட்டும். அதற்கே காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவோம். வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் இந்த ஊருக்குத் தேவைப்பட்டதில்லை; குளிக்கிற தண்ணீர் சுட்டால் போதும். அதைச் சுடவைக்கிற பெட்டிதான் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தை முடிகிறவரை எனக்குச் சோறு போடுகிறது. வயரிங் வேலையும் ஹீட்டர் ரிப்பேரும் பார்க்கிறவன் நான்.

போனில் வருகிற புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இன்னைக்கு திடீர்னு நின்னுபோச்சு." குளிர் வந்து கெடுத்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். பங்குனி முதல் புரட்டாசிவரை அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே தண்ணீர் மட்டும் நின்றுகொண்டே இருக்கும். கெடவேண்டியது அப்போதே கெட்டிருக்கும். மார்கழியில் சுவிட்சைப் போடும்போது தெரியவருகிறது, அவ்வளவுதான்.

நிற்கவில்லை, ஆனால் சுட நேரமாகிறது என்பது வேறு கதை. 15 லிட்டர் தொட்டி, 2000 வாட் காயில்: இதுதான் எங்கள் பக்கத்து வீடுகளில் பரவலாக இருப்பது. 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர இதற்குச் சுமார் 18 நிமிடம் வேண்டும். செலவு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இது 230 வோல்ட் வந்தால். விடியற்காலையில் தெருவே ஹீட்டர் போடும் நேரத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால், அதே காயில் 1200 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். 18 நிமிடம் அரை மணி நேரமாகிவிடும். இதற்குப் போய் காயிலை மாற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் முதலில் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்ப்பேன்.

மற்றபடி குற்றவாளி தண்ணீர்தான். போர்த்தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சூடு ஏற ஏறக் கரைசலைவிட்டுப் பிரிந்து காயில்மேல் உட்காரும். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம். அது குடிக்கிற தண்ணீருக்கு. ஹீட்டருக்குள் எந்தத் தண்ணீர் போகிறது என்று யார் கேட்கிறார்கள்? காயில்மேல் வெள்ளையாகப் பற்று ஏறிவிட்டால், அதன் சூடு தண்ணீருக்கு இறங்கத் திணறும். அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி, வெளியே சுட வேண்டியது உள்ளேயே தங்கிக் காயில் தன்னையே எரித்துக்கொள்ளும். போட்ட சிறிது நேரத்தில் பெட்டிக்குள் கடுகு பொரிகிற சத்தம் கேட்டால், பற்று நன்றாகவே ஏறிவிட்டது என்று அர்த்தம். கழற்றிக் கவிழ்த்தால் சுண்ணாம்புச் சில்லுகளாகக் கொட்டும்.

கடற்கரைப் பக்கம் போகப் போக வேறு வகைத் தொல்லை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கிழக்கே போனால் நிலத்தடி நீரில் உப்பு கூடுதல். உப்பு இரும்பைத் தின்னும். அதற்காகவே தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருப்பார்கள். தொட்டியின் இரும்புக்கு வரவேண்டிய அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு அது கரையும். கரைந்து முடிந்தபின் அடுத்த பலி தொட்டிதான். அந்தக் கம்பியின் விலை சில நூறு ரூபாய். தொட்டி ஓட்டையானால் புது ஹீட்டரே வாங்கவேண்டும். இப்படி ஒரு கம்பி உள்ளே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. விற்கிறவரும் சொல்வதில்லை.

இவையெல்லாம் பணச்செலவு. எனக்குப் பயம் வேறொன்றில். தானாக நின்றுகொள்கிற ஹீட்டர் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அதைப் பிடித்துக் கட்டாயமாக ஓட்டுகிறோமே, அதில்தான் உயிர் போகும்.

பெட்டிக்குள் தெர்மோஸ்டாட் இருக்கிறது. அது கோளாறாகி சூடு ஏறிக்கொண்டே போனால், அதற்கும் மேலே கட்அவுட் என்று ஒன்று கரண்டைத் துண்டிக்கும். காயிலில் விரிசல் விட்டுத் தண்ணீருக்குள் கரண்ட் கசிந்தால், மெயின் போர்டில் இருக்கிற ஆர்சிசிபி 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும். உள்ளே அழுத்தம் கூடினால் சேஃப்டி வால்வு சொட்டும். இந்த வால்வு சொட்டுவதைத்தான் யாராலும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. தண்ணீர் சூடானால் பெருகும். 15 லிட்டர் 25-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஒரு டம்ளர் அளவு கூடுதலாகிறது. அந்த டம்ளர் தண்ணீர் எங்கே போகும்? திரும்பிப் போகாதபடி குழாயில் தடுப்பு இருந்தால் வால்வு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். "சொட்டுச் சொட்டா ஒழுகுது, அசிங்கமா இருக்கு" என்று அதில் மூடி போட்டு டெஃப்லான் டேப்பும் சுற்றி வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கட்அவுட்டும் கெட்டுப்போன ஒரு நாளில் அந்தத் தொட்டி வெடிக்காமல் என்ன செய்யும்?

ஆவுடையார்கோவில் சாலையில் ஒரு வீடு. மகன் சிங்கப்பூரில், வயதான அம்மா மட்டும் தனியாக இருக்கிறார். ஹீட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று எனக்கு முன்னால் யாரோ வந்து போயிருக்கிறார். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்திருந்தார். மூன்று முள் பிளக்கில் எர்த் வயரையும் வெட்டிவிட்டிருந்தார். அதன் பிறகு ட்ரிப் ஆகவில்லை.

"இப்ப நல்லா ஓடுது தம்பி. கொழாயத் தொட்டா மட்டும் சுருக்குங்குது. நான் கைய வெடுக்குனு எடுத்துட்டு, சொம்புல மொண்டு குளிச்சுக்கிறேன்."

"எத்தனை நாளா ஆத்தா?"

"போன தீவாளிலேர்ந்து."

மீட்டரை வைத்தேன். குழாய்க்கும் தரைக்கும் நடுவே 90 வோல்ட். ஈரத்தரை, ஈரக்கை. நான் ஒன்றும் பேசவில்லை. ஹீட்டர் வயரை வெட்டி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். புதுக் காயில், புது ஆர்சிசிபி, எர்த் குழி எல்லாம் முடிகிறவரை விறகடுப்பில் அண்டாவை வையுங்கள் என்றேன். அவருக்கு அது பெரிய விஷயமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது ஊரே அப்படித்தான் குளித்தது; விழுந்த தென்னையே விறகு.

எர்த் பற்றி இன்னொன்று. எங்கள் பக்கம் மண் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். காய்ந்த குழியில் எர்த் பிடிக்காது. கசிவு இருந்தாலும் போக வழியில்லாததால் ஆர்சிசிபி பேசாமல் இருக்கும். மழை பெய்து குழி நனைந்ததும் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போகத் தொடங்கும், ஆர்சிசிபி விழும். "மழை பேஞ்சதும் ட்ரிப் ஆகுது, மழைதான் கெடுத்துருச்சு" என்பார்கள். கசிவு கோடையிலேயே இருந்தது. அப்போது பாதுகாப்புதான் இல்லை.

என் தங்கை மகன் கனடாவில், டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறான். அங்கே வெளியே மைனஸ் 15 டிகிரி. ஒரு நாள் நள்ளிரவில் போன்: "மாமா, ஃபர்னஸ் நின்னுபோச்சு, வீடு ஐஸா ஆகுது." ஃபர்னஸ் என்பது அடித்தளத்தில் நிற்கிற எரிவாயு அடுப்பு, காற்றைச் சூடாக்கி அறைகளுக்குத் தள்ளும். நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் வீடியோவில் காட்டச் சொன்னேன். பிரேக்கர் விழவில்லை. சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட்டில் பேட்டரி இருக்கிறது. காற்று ஃபில்டரும் சுத்தம். "புகை எங்கடா போகுது?" என்று கேட்டேன். வீட்டின் பக்கச்சுவர் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாய் போகிறது என்றான். வெளியே போய்ப் பார்த்தால் குழாயின் வாயை மூடிப் பனி குவிந்திருக்கிறது. புகை வெளியேற வழியில்லை என்று தெரிந்ததும் மெஷின் தானே நின்றுவிட்டது. பனியைத் தள்ளிவிட்டுத் திரும்பப் போட்டதும் ஓடியது. அது நிற்காமல் ஓடியிருந்தால் அன்று போன் வந்திருக்காது.

காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருக்கிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஒன்டாரியோ மாகாணத்தில் 2014 முதல் எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் இதற்கு அலாரம் கட்டாயம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயலால் 45 லட்சம் வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் மின்சாரம் போனபோது, அடுப்புக்கரியை வீட்டுக்குள் மூட்டியும், மூடிய ஷெட்டில் காரை ஓடவிட்டுச் சூடேற்றியும் இறந்தவர்கள் உண்டு. அத்தனை தூரம் போகவேண்டாம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிற நம் ஆட்கள் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறார்கள். ஜன்னலே இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டச் சொல்லி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டித்தருகிறேன், அல்லது வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். வேறு ஆளைப் பார்த்தவர்களும் உண்டு.

ஹீட்டர் நின்றதும் கடையில் வாங்கி வருகிற ராடு பற்றியும் சொல்லவேண்டும். முதலில் தண்ணீர், அதில் ராடு, பிறகு சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பிளக், கடைசியாக ராடு. சூடாகிவிட்டதா என்று ஓடும்போது விரலை விட்டுப் பார்ப்பதுதான் இங்கே ஆளைக் கொல்வது. இரும்பு வாளி கூடவே கூடாது.

என்னை வேலைக்குக் கூப்பிடுவதாக இருந்தால் புரட்டாசியில் கூப்பிடுங்கள். தொட்டியைக் கழற்றிப் பற்றைச் சுரண்டி, மெக்னீசியம் கம்பி எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, எர்த்தைச் சோதித்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிடுவேன். மார்கழியில் கூப்பிட்டால், உங்களுக்கு முன்னால் அரை ஊர் நிற்கும். நான் வருவதற்குள் பொங்கல் வந்துவிடும்.